ஒரே ஒரு சுத்தமான கோழி

செங்கல்பட்டு லோக்கலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள். தாம்பரத்தில் ஏறியவள், பெருங்களத்தூர் வருவதற்குள் இடது கையை முடித்துவிட்டாள். ரயில் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் கவனம் மூடி திறந்திருக்கும் அந்தக் குட்டிப் புட்டியின் மேல் இருக்கிறது. அதிலிருந்து வருவது எத்தில் அசிடேட். பழுத்த பழம் போல ஆரம்பித்து, மூக்கின் மேற்புறத்தில் போய்க் குத்தும். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் நீ பக்கத்தில் உட்கார்ந்தால் உன் சட்டையில் இருந்து வரும் வாசனை இதுதான். ஒரு தடவை ஓர் அம்மாள் உன்னிடம், பியூட்டி பார்லரில் வேலையா தம்பி என்று கேட்டார். ஆமாம்மா, கோழிக்கு மட்டும் பண்றோம் என்றாய்.

“ஸ்மெல் ஒத்துக்கலையாண்ணா? மூடிடட்டுமா?” என்கிறாள் அந்தப் பெண். என் முகம் அப்படி ஆகியிருக்க வேண்டும். பரவாயில்லை, முடிச்சிடுங்க என்று சொல்லிவிட்டு மடியில் இருக்கும் தெர்மோகோல் பெட்டியை நெருக்கி வைத்துக்கொண்டேன். உன் பெட்டிதான். மூடி உடைந்த இடத்தில் நீ ஒட்டிய பழுப்பு டேப் இன்னும் விடவில்லை. உள்ளே இப்போதைக்கு ஐஸ் மட்டும்.

ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ செத்ததற்கும் கோழிக்கும் சம்பந்தம் இல்லை. மழை பெய்து பீர்க்கன்கரணை ஏரி தளும்பியது, உன் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. காலையில் பால் வாங்க இறங்கினாய். எங்கேயோ ஒரு கம்பத்தில் இருந்து மின்சாரம் கசிந்திருக்கிறது. தண்ணீர் பார்ப்பதற்குத் தண்ணீராகத்தான் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். லேபில் சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, மனக்கஷ்டத்தில் இருந்தான், கவனமில்லாமல் போய்விட்டான் என்று பேசினார்கள். நான் திட்டினேன். நீ இருந்திருந்தால், “ஒரு சாம்பிளை வெச்சு கதை எழுதாதீங்கடா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய்.

கல்லூரியில் நாம் ஒரே வகுப்பு. தாம்பரம் கிழக்கில் அந்தச் சந்துக்குள் இருக்கும் உணவுப் பரிசோதனை லேபில் சேர்ந்ததும் ஒன்றாகத்தான். வேலை மட்டும் இரண்டாகப் பிரிந்தது. கறியில், முட்டையில், பாலில் இருக்கும் கால்நடை மருந்தைப் பிரித்தெடுப்பது நீ. எடுத்ததை மெஷினில் ஓட்டிப் பார்ப்பது நான். உன்னிடம் சதையாக வருவது என்னிடம் வரும்போது சின்னக் கண்ணாடிக் குப்பியில் தெளிந்த நீராக இருக்கும். நடுவில் நீ செய்வதை நான் சமையல் என்பேன். உனக்குக் கோபமே வராது. ஆமாம், சமையல்தான், உப்பு பார்ப்பதுதான் உன் வேலை என்பாய்.

லேபைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மெஷின் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ஒரு மக்கு. குப்பியில் இருப்பதை மட்டும்தான் அதற்குப் படிக்கத் தெரியும். கறியில் இருக்கும் மருந்து குப்பிக்கு வந்து சேராவிட்டால், கறியில் மருந்தே இல்லை என்று அடித்துச் சொல்லும். ஆகவே எல்லாம் உன் மேஜையில்தான் முடிவாகும். அரைத்த கறியைக் குழாயில் போட்டு எத்தில் அசிடேட் ஊற்றிக் குலுக்கினால், மருந்து சதையை விட்டுத் திரவத்துக்கு மாறும். சுழற்றினால் சதை அடியில் தங்கி, மேலே தெளியும். தெளிந்ததை எடுத்து, மேலே நைட்ரஜன் வாயுவை மெல்லச் செலுத்தி வற்றவைத்தால் குழாயின் அடியில் ஒரு படலம் மிஞ்சும். அதைக் கரைத்து, கொழுப்பைக் கழுவித் தள்ளினால் என் குப்பி தயார். எழுதினால் ஒரு பத்தி. செய்தால் ஒரு பகல் முழுக்க.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நீ லீவு போட்ட நாள்களில் உன் மேஜையில் நின்றால், வாயுவைத் திருகி வேகமாக வைத்துவிடுவேன். குழாய்க்குள் திரவம் தெறிக்கும், பக்கத்துக் குழாய் கெடும். “மேல ஒரு பள்ளம் விழணும், அவ்ளோதான். புயல் அடிக்க வேணாம் மச்சான்” என்று போனில் இருந்தபடி சொல்வாய், பார்த்தது மாதிரி. மற்றவர்கள் எத்தில் அசிடேட்டை ஒரு முறை ஊற்றி எடுப்பார்கள். நீ அதே சதையில் இரண்டாவது முறையும் ஊற்றுவாய். முதல் முறை வருவது வர இஷ்டப்பட்டது, ஒளிந்திருப்பது இரண்டாவது முறைதான் வரும் என்று ஒரு விளக்கம் வேறு. சாம்பிள் குவிந்து கிடக்கும்போது அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் சிரிக்கும் ஒரு பழக்கம் நம் வேலையில் உண்டு. சந்தேகப்பட்ட கறியைச் சோதிக்க, சந்தேகமே இல்லாத கறி கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். மருந்தே படாத கோழியை அரைத்து ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருப்போம். அதற்கு பிளாங்க் என்று பெயர். தினமும் முதலில் ஓடுவது அதுதான். திரையில் கோடு தரையோடு தரையாகப் போக வேண்டும். அந்தத் தரையைப் பார்த்த பிறகுதான் மற்றக் கோழிகளில் எது மேடு என்று சொல்ல முடியும். எங்கிருந்தோ எப்போதோ வாங்கி வைத்த பிளாங்க் தீர்ந்துபோனது. மேனேஜர் தெருமுனைக் கடையில் ஒரு கோழி வாங்கி அரைத்து வைக்கச் சொன்னார். நீ அரைத்தாய், எடுத்தாய். நான் ஓட்டினேன்.

கோடு தரையில் போகவில்லை. நடுவில் ஒரு மேடு எழும்பியது. சின்னதுதான், ஆனால் இடம் தப்பவே இல்லை. குளோராம்பெனிகால். மனிதர்களுக்குக் கண் சொட்டு மருந்தில் இருக்கும். நாம் தின்னும் பிராணிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று தடை. எங்கோ யாரோ ஒருவருக்கு அது எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதை நிறுத்திவிடும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால்தான் உணவில் இவ்வளவு வரை இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே இதற்குக் கிடையாது.

கடையை மாற்று என்றேன் நான். மாற்றினாய். பீர்க்கன்கரணையில் உன் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு நானும் வந்தேன். ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ பரவியிருந்த நேரம், உனக்கும் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. கறுப்புக் கண்ணாடியும் கையுறையுமாக நீ போய் நின்றதைப் பார்த்த கடைக்காரருக்கு ஒரே குஷி.

“இன்னாபா, கண்ணு செவந்து கீது, கறி வாங்க வந்துகீற? சூடு ஏறிக்கும்பா.”

“திங்க இல்லண்ணா. அரைச்சுப் பாக்க.”

“அரைச்சா அதுக்குப் பேரு கைமா. அப்படி கேளேன், நானே போட்டுத் தரேன்.”

நீ சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. அந்தக் கோழியிலும் மேடு வந்தது. மேடவாக்கத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவில் தண்ணீர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தச் சாலையில், கண்ணாடிக் கதவு போட்ட கடையில் மருந்து கலக்காத கோழி என்று ஸ்டிக்கர் ஒட்டித் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் மேடு இன்னும் கொஞ்சம் உயரம். ஊரப்பாக்கத்தில் நாட்டுக்கோழி என்று போர்டு மாட்டிய கடை. அங்கேயும் அதே இடம், அதே வடிவம். ஒவ்வொரு முறையும் நான் கூப்பிட்டால் நீ வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாய். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நிமிடத்தில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், இந்த முறை தப்பித்தோம் என்று தோன்றும். அப்புறம் அது எழும். நீ உன் மேஜைக்குத் திரும்பிப் போவாய்.

உன்னைக் கவிழ்த்தது ஒரு ஜோக். கண்ணுக்கு லீவு கேட்ட உன்னை, சாம்பிள் தேங்குது, கண்ணாடி போட்டுட்டு வந்துடு என்று வரச் சொன்னதே மேனேஜர்தான். டீக்கடையில் எல்லாரும் நிற்கும்போது பாக்கெட்டில் இருந்து சொட்டு மருந்தை எடுத்து லேபிளை அப்போதுதான் படித்தாய். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். “பேஜார்டா மச்சான். நாம தேடுற ஆள நானே கண்ணுல ஊத்திக்கினு இருக்கேன்.” எல்லாரும் சிரித்தோம். நீ அன்றைக்கே வேறு மருந்து மாற்றிக்கொண்டாய். கையுறையை இரட்டையாகப் போட்டாய். ஆனால் சிரித்த ஒவ்வொருத்தர் மண்டையிலும் அந்தப் புட்டி உட்கார்ந்துவிட்டது.

மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. கத்தவில்லை. “நாலு ஊர்க் கோழி தம்பி. நாலுலயும் அதே பீக். நாலுக்கும் பொதுவா என்ன இருக்கு? உன் கை.” கறி சேர்க்காமல் திரவங்களை மட்டும் ஓட்டிப் பார்த்ததில் கோடு தரையில்தான் போனது என்று நீ சொன்னாய். அவரிடம் அதற்கும் பதில் இருந்தது. திரவத்தை யாரும் கையால் அரைப்பதில்லை. கறியைத்தான் அரைக்கிறோம். அங்கேதான் விரல் படுகிறது.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கையில் இருந்த விவரத்துக்கு அதுதான் எளிய விளக்கம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ என்னைப் பார்த்தாய், நான் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்காமல் இருக்கவும் இல்லை. அடுத்த வாரம் உன்னை உன் மேஜையில் இருந்து எடுத்து, வாசலில் சாம்பிள் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டும் மேஜைக்குப் போட்டார்கள். நீ எடுத்த முடிவுகளில் மேடு காட்டியவை எல்லாம் குப்பைக்குப் போயின. அவற்றில் ஓ.எம்.ஆர். பக்கத்துக் கம்பெனி கேன்டீன்களுக்கும் லேடீஸ் ஹாஸ்டல்களுக்கும் போகும் கோழி இருந்தது. அது தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

ஸ்டிக்கர் மேஜையில் உட்கார்ந்துகொண்டே நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். மதியச் சாப்பாட்டின்போது சோற்றில் கோடு போட்டுக் காட்டினாய். “ஒரே ஒரு சுத்தமான கோழி போதும் மச்சான். பாதி நீ அரை, பாதி நான் அரைக்கிறேன். ரெண்டும் தரையோட போச்சுன்னா என் கை மேல தப்பு இல்ல. அப்புறம் மத்த கோழியெல்லாம் பதில் சொல்லட்டும்.” உன் பாதியில் மேடு வந்து என் பாதியில் வராவிட்டால் என்று கேட்டேன். “அப்போ நான் போறேன். யாரும் அனுப்ப வேணாம்” என்றாய். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதற்காகத்தான் கூடுவாஞ்சேரி போனோம். ஸ்டேஷனில் இறங்கி, பிளாட் போட்டுக் கொடி நட்டிருந்த காலி மனைகளைத் தாண்டி, கட்டட வேலைக்குப் போகும் ஓர் அக்கா வீட்டுக்கு. அவர் கோழிகள் அந்த மனைகளில்தான் மேயும். கடையில் வாங்கியது இல்லை, கம்பெனிக் குஞ்சு இல்லை. நோய் வந்தால் என்ன மருந்து கொடுப்பீர்கள் என்று நீ துருவித் துருவிக் கேட்டாய். “மருந்து இன்னா மருந்து. அது பாட்டுக்கு மேயுது, அது பாட்டுக்கு கூண்டுக்கு வருது.” அறுத்தது, உரித்தது, துண்டு போட்டது எல்லாம் அவர்தான். நீ எட்டத்தில், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் நுழைத்துக்கொண்டு நின்றாய். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அந்தத் தம்பி இன்னா, சைவமா? கோழியப் பாத்தே பயந்துகினு நிக்குது.”

“எனக்குத் தீட்டுக்கா. லேப்ல சொல்லிட்டாங்க” என்றாய் நீ. அவருக்குப் புரியவில்லை. நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னாய். ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நூல். சிவப்பு நூல் உன்னுடையது. ரயிலில் திரும்பும்போது பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, நீ கதவருகே போய் நின்றாய். அன்றைக்குத்தான் மழை ஆரம்பித்தது. பொட்டலங்களை ஃப்ரீசரில் நான் வைத்தேன். மெஷினில் பம்ப் கெட்டு, ஆள் வந்து சரி செய்வதற்காகக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில்தான் உன் தெருவில் தண்ணீர் ஏறியது.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டமே சேறாக இருந்தது. மேனேஜர் வந்தார், மாலை வைத்தார், நிஜமாகவே கண் கலங்கினார். திரும்பி நடக்கும்போது என் தோளில் கை போட்டு, தங்கமான பையன், வேலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் சுத்தம் பார்த்திருக்கலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குப் படவில்லை. அதுதான் மோசம். அவர் அதை நம்பினார்.

உன் அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகியவர், சுற்றி வளைக்கத் தெரியாது. “தம்பி, அவனை வேற டேபிளுக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னான். ஏன்னு சொல்லல. என் புள்ள வேலைல தப்பு பண்ணானா?” எனக்குத் தெரியாது ஆன்ட்டி என்றேன். அது உண்மை. அவர் என் கையை விட்டுவிட்டார். “தெரிஞ்சா வந்து சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு” என்றார்.

பம்ப் சரியான பிறகு, ஆள் இல்லாத ஒரு விடுமுறை நாள் காலையில் லேபுக்குப் போனேன். நீ தொட்ட எதையும் தொடக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் புது மிக்ஸி ஜார் வாங்கினேன். புதுக் குழாய்கள், சீல் உடைக்காத எத்தில் அசிடேட். சிவப்பு நூல் இல்லாத பொட்டலத்தை எடுத்தேன். அரைத்தேன், ஊற்றினேன், குலுக்கினேன். ஒரு முறை எடுத்துவிட்டு, ஏதோ ஒன்று இடிக்க, இரண்டாவது முறையும் ஊற்றினேன். நைட்ரஜனைத் திறந்தேன். கை தானாக வேகமாகத் திருகப் போனது. நிறுத்தினேன். மேலே சின்னப் பள்ளம் மட்டும் விழும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் ஒரு வேலையும் செய்யாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. திரவம் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்க உன் சட்டை வாசனை.

எனக்கு என்ன வேண்டும் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. கோடு தரையில் போனால் கோழி சுத்தம், உன் கை மேல் சந்தேகம் அப்படியே நிற்கும், உன் பாதியை அரைக்க நீ இல்லை. மேடு வந்தால் உன் கை காரணம் இல்லை. ஆனால் அந்தக் கோழியும் சுத்தம் இல்லை. காலி மனையில் மேய்ந்த கோழியும் இல்லை என்றால் வேறு எது?

முதலில் வெறும் திரவம் ஓடியது. தரை. அடுத்து கோழி. கோடு தட்டையாகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஏன் என்று கேட்காதே. திரும்பித் திரையைப் பார்க்கும்போது அது எழும்பியிருந்தது. அதே இடம். நீ தொடாத கோழி, நீ தொடாத ஜார், நீ இல்லாத அறை. மேடு இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். உன் கை இல்லை, உன் கை இல்லை என்று சத்தமாகவே சொன்னேன். அது கொஞ்ச நேரம்தான். பிறகு ஃப்ரீசர் ஓடும் சத்தம் கேட்டது. அந்த ஃப்ரீசருக்குள் வரிசையாக இருக்கும் கோழிகளை நினைத்தேன். லேபுக்கு வெளியே இருக்கும் கோழிகளை நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உன் அம்மா வைக்கும் குழம்பை நினைத்தேன். ஈரல் துண்டை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார், நீ திருடித் தின்பாய்.

கூடுவாஞ்சேரி அக்காவிடம் திரும்பப் போனேன். நேராகவே கேட்டேன். மருந்தெல்லாம் கொடுப்பதே இல்லை என்று சத்தியம் பண்ணினார். தண்ணீரில் எதுவும் கலப்பீர்களா என்றதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். வெள்ளைத் தூள், பையில் ஓர் எழுத்து கிடையாது. “இதுவா? இது சத்துப் பவுடருபா. தீவனக் கடைல கேட்டா குடுப்பான். சொணங்காம நிக்கும். எல்லாரும்தான் கலக்கறாங்கோ.” ஒரு சிட்டிகை வாங்கி வந்து ஓட்டினேன். அதே இடத்தில் மேடு திரையைத் தாண்டியது, மெஷின் திணறிவிட்டது. அதைக் கழுவிச் சுத்தம் பண்ண ஒரு நாள் ஆனது. பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் கோழிக்கு மருந்து கொடுத்ததே இல்லை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் வைத்தேன். பார்த்தார். உன் மேல் தப்பு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாவம் பண்ணிட்டேன் என்றுகூடச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒன்று சொன்னார். “எல்லா கோழியிலயும் இருக்கு, இல்ல? அப்போ அதான் பேஸ்லைன். பிளாங்க்ல வர்றத எல்லாத்துலயும் கழிச்சுடு.”

கழித்துவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரிடமும் இருப்பது யாரிடமும் இல்லாததாகிவிடும். முடியாது என்றேன். நான் கழிக்காமல் எண்ணைக் கொடுக்கிறேன், என் வேலை அதோடு முடிகிறது. அடுத்த மேஜையில் கழிக்கிறார்கள். ரிப்போர்ட் வெளியே போகும்போது கண்டறியப்படவில்லை என்றுதான் போகிறது. சண்டை போட்டேன். பிளாங்க் இல்லாமல் பிளாங்க்கைக் கழிப்பது எப்படி என்று கேட்டேன். அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார்: “சுத்தமான கோழி எங்க இருக்கு தம்பி? கொண்டு வா. அன்னிக்கே நிறுத்திடறேன்.” நீ சோற்றில் கோடு போட்டுச் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார், வேறு பக்கத்தில் நின்றுகொண்டு.

உன் நினைவு ஆராதனைக்கு வீட்டில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்து பந்தி போடும் நேரம். உன் அம்மா கையில் கரண்டியோடு நின்றிருந்தார், உனக்குப் பிடித்தது என்று கோழிக் குழம்பு அவரே வைத்திருந்தார். அருகில் போய், ஆன்ட்டி, தெரிஞ்சிடுச்சு என்றேன்.

“பண்ணானா?”

“பண்ணல ஆன்ட்டி. அவன் கை இல்ல. கோழியிலயே இருக்கு. எல்லா கோழியிலயும்.”

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டார், சட்டையில் குழம்பு கொட்டியது. திரும்பி, உன் சித்தியிடமும் பாஸ்டரிடமும் உரக்கச் சொன்னார், கேட்டீங்களா, என் புள்ள மேல தப்பு இல்லையாம், லேப்ல இருந்தே வந்து சொல்லிட்டாங்க என்று. எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் அவர் பின்னாலேயே போய், ஆன்ட்டி, அந்தக் கோழி விஷயம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் பந்தியில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்குப் பரிமாறத் தொடங்கியிருந்தார். என்னை இழுத்து உட்காரவைத்து, இலையில் ஈரல் துண்டுகளை வைத்தார். “உனக்குன்னே எடுத்து வெச்சேன். சாப்பிடு தம்பி. இன்னைக்குத்தான் எனக்கே சாப்பாடு இறங்கும்” என்றார்.

நான் சாப்பிட்டேன். நல்ல ருசி.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பெட்டியோடு இந்த ரயிலில்தான் இருக்கிறேன். கூடுவாஞ்சேரி முடிந்துவிட்டது. பொத்தேரியில் ஒருவர் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன், மேடு. மறைமலைநகரில் ஒருவர், அதிலும் மேடு. தூளைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எதுவும் கலப்பதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள், அப்படியும் வருகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போகிறேன். இன்றைக்கு பரனூர். ஏரிக்கரையில் ஒரு பெரியவர், அவரும் இல்லை என்றுதான் போனில் சொன்னார்.

சிவப்பு நூல் கட்டிய பொட்டலம் இன்னும் ஃப்ரீசரின் அடித்தட்டில் இருக்கிறது. உன் பாதி. தேவை முடிந்தது, தூக்கிப் போடு என்கிறார்கள். அதை யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எதிரில் இருக்கும் பெண் வலது கையையும் முடித்துவிட்டாள். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு காய்வதற்காக ஊதுகிறாள். அவசரம் இல்லாமல், மெல்ல, சாயம் அசையாதபடி. சரியாக ஊதுகிறாள். உன்னைத் தவிர யாரும் இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. காலடியில் அவள் பையில் இருந்து ஒரு டிபன் பாக்ஸ் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹாஸ்டல் பெயர் எழுதிய டிபன் பாக்ஸ். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வருகிறது. என்ன சொல்வது? என்னிடம் இருப்பது ஒரு காலிப் பெட்டி.

சிங்கப்பெருமாள் கோயில் வந்தது, அவள் இறங்கிப் போய்விட்டாள். வாசனை மட்டும் ரயில் பெட்டிக்குள் நிற்கிறது. அடுத்தது பரனூர். அங்கேயும் மேடு வந்தால் செங்கல்பட்டு. இந்த ரயில் அங்கே முடிந்துவிடும் மச்சான். அதற்கு மேல் போக வேறு ரயில் பார்க்க வேண்டும்.